சமையலறையில் எர்த் இருக்கிறதா?

(ஆரணியில் நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சமையலறைக் கரண்ட். இந்தக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். இரவு படுக்கப் போகும் முன் விளக்கை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எலி திரியை இழுத்துப் போய் வீட்டையே கொளுத்திவிடும் என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த ஆபத்து எண்ணெய் விளக்கு. இன்றைக்கு அது கிரைண்டரிலும் ஃப்ரிட்ஜிலும் ஹீட்டரிலும் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஆபத்தை முன்கூட்டியே பார்த்து அடைப்பது அந்த வழிகாட்டுதலைச் சேர்ந்ததுதான்.

மருத்துவ உதவிக்காகவும் ரமலான் மாதத்து அரிசி, பருப்பு கொடுப்பதற்காகவும் நாங்கள் பல வீடுகளுக்குப் போகிறோம். போன இடங்களில் ஒரே பேச்சைப் பல தாய்மார்களிடம் கேட்டோம். "கிரைண்டரைத் தொட்டா லேசா சுர்ருங்குது. செருப்புப் போட்டுக்கிட்டு ஆட்டுவேன். பழகிடுச்சு." சிலர் மரப்பலகை போட்டு அதன் மேல் நின்று மாவு வழிக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கதவைத் துணியால் பிடித்துத் திறக்கிற வீடும் உண்டு.

இந்த "பழகிடுச்சு" என்ற வார்த்தைக்காகத்தான் இன்றைய பேச்சு. சுர்ரென்று அடிக்கும் கிரைண்டர் பழகிப்போகிற சாமான் கிடையாது. உள்ளே கரண்ட் கசிகிறது, அது போக வழியில்லாமல் உங்கள் உடம்பு வழியாகப் போகப் பார்க்கிறது. காய்ந்த தரை, கால் செருப்பு, உலர்ந்த கை இருக்கிற வரையில் அது சிலிர்ப்போடு நிற்கும். அதே கிரைண்டரை ஸஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரக்கையால் தொட்டால் அது சிலிர்ப்போடு நிற்காது. இயந்திரம் மாறவில்லை, கசிவும் மாறவில்லை. தண்ணீர் மட்டும் சேர்ந்துகொண்டது.

பியூஸ் போகும் என்று நம்ப முடியாது

"எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கு, ஏதாச்சும் ஆனா தானா விழுந்துடும்" என்று பலரும் சொல்கிறார்கள். இது எவ்வளவு உண்மை என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று கணக்கு வைப்பார்கள். 230ஐ 1000ஆல் வகுத்தால் உடம்பில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று எடுப்பதே 260 மில்லி ஆம்பியர். ஒரு குண்டு பல்பு எரிவதற்காக எம்.சி.பி. விழுமா? சமையலறை எம்.சி.பி. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். அதற்கு மேலே போனால்தான் அது அசையும். ஆனால் மனிதனின் இதயத் துடிப்பைக் குலைக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும்.

எம்.சி.பி.யும் பியூஸ் கட்டையும் வயர் சூடாகி எரியாமல் காப்பதற்காக வைத்தவை. ஆள் ஒருவர் கரண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. உயிரைக் காக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று எர்த். இன்னொன்று ஆர்.சி.சி.பி.

மூன்றாவது பின்

பிளக்கை எடுத்துப் பாருங்கள். கீழே இரண்டு பின், மேலே ஒரு பெரிய பின். கீழே இருப்பதில் ஒன்று பேஸ், கரண்ட் வருகிற வழி. மற்றது நியூட்ரல், திரும்பிப் போகிற வழி. மேலே இருக்கும் பெரிய பின் எர்த். அது கிரைண்டரின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கிறது. மற்ற இரண்டையும்விட அது நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது காரணத்தோடுதான். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். கரண்ட் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்து நிற்க வேண்டும், கரண்ட் போன பிறகே அது போக வேண்டும் என்று யோசித்துச் செய்தது.

கிரைண்டருக்குள் தண்ணீர் இறங்கியோ, வயரின் மேல்தோல் தேய்ந்தோ பேஸ் போய் இரும்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் நன்றாக இருந்தால் அந்தக் கரண்ட் செம்புக் கம்பி வழியாக நேராக மண்ணுக்குப் போகும். எளிதான வழி கிடைத்ததும் கரண்ட் ஏராளமாகப் பாயும், எம்.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் இரும்பு முழுக்கக் கரண்ட் தேங்கி நிற்கும், முதலில் தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். சமையலறையில் முதலில் தொடுகிறவர் யார்? நம் வீட்டுப் பெண்கள். அல்லது "உம்மா" என்று ஓடி வருகிற பிள்ளை.

விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கினார்கள். அந்தக் கிரைண்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. கிரைண்டர் வந்துவிட்டது. அது வந்து சேர்ந்த வீட்டில் எர்த் இருந்ததா என்று பார்த்தவர்கள் குறைவு. ஒரு பல்பு, ஒரு ஃபேன் என்று வயரிங் செய்த வீட்டில் பின்னால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாம் வந்து ஏறிவிட்டன.

இதில் நாங்கள் பார்த்த தவறுகளைச் சொல்கிறோம். உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது, பெரிய பின்னை வெட்டிவிடுவது. இரண்டு ஓட்டை உள்ள பிளக் பாயிண்டில் மூன்று பின் பிளக் நுழையாது என்பதால் மேல் பின்னை அறுத்துவிடுகிறார்கள். சிலர் பிளக்கே இல்லாமல் வயரை நேராக ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். கிரைண்டர் சுற்றும், மாவு அரைபடும். பாதுகாப்பு மட்டும் இருக்காது.

இரண்டாவது, ஓட்டை மூன்று, வயர் இரண்டு. வெளியே பார்த்தால் அழகான மூன்று பின் சாக்கெட். திறந்து பார்த்தால் எர்த் முனையில் வயரே இல்லை. வயர் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததால் இதுதான் அதிகம் ஏமாற்றுவது.

மூன்றாவது, நியூட்ரலையே எர்த்தாகக் காட்டுவது. சாக்கெட்டுக்கு உள்ளேயே நியூட்ரல் முனையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் கொடுத்துவிடுகிறார்கள். பல்பு வைத்துச் சோதித்தால் எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், கிரைண்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். எர்த்தே இல்லாத வீட்டைவிட இது மோசம். கிரைண்டரில் எந்தப் பழுதும் இல்லாமலேயே அது ஷாக் அடிக்கும்.

நான்காவது, தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவது. முன்பு இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனது. இப்போது பாதி வழியில் பிளாஸ்டிக் குழாய். கரண்ட் மண்ணுக்குப் போகாமல் குழாயிலேயே நிற்கும். உளூ செய்ய குழாயைத் திறக்கிறவருக்கு அது அடிக்கும்.

சரியான எர்த் எப்படி இருக்கும்

வீட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமுள்ள கால்வனைஸ்டு இரும்புக் குழாயை மண்ணில் இறக்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது பழைய முறை. இப்போது அதற்கென்று தயாராக வரும் கலவையும் போடுகிறார்கள். அந்தக் குழாயிலிருந்து மெயின் பலகைக்கும், அங்கிருந்து ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பச்சை வயர் தொடர்ச்சியாக வர வேண்டும். குழியின் மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும். சித்திரை, வைகாசி வெயிலில் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வயர்மேனிடம் "எர்த் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு பாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எவ்வளவு ஓம் காட்டுகிறது என்று கேளுங்கள். அளக்க எர்த் டெஸ்டர் என்ற கருவி இருக்கிறது. 5 ஓம் என்றால் பழுதாகும்போது 46 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. விழும். 50 ஓம் என்றால் பாய்வது 4.6 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. குழி இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை செய்கிறீர்கள். அங்கே மூன்று பேஸ் மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். அதன் உடம்பிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக, தனித்தனி எர்த் பட்டை போகும். ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. மோட்டாருக்கு இரண்டு எர்த் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற சகோதரரே, உங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு ஒன்றாவது இருக்கிறதா?

ஆர்.சி.சி.பி.

சிலர் இதை ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். மெயின் பலகையில் வைக்கும் சின்னப் பெட்டி இது. செய்யும் வேலை கணக்குப்பிள்ளை வேலை. உள்ளே போன கரண்ட் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது போல வந்தால் சும்மா இருக்கும். வித்தியாசம் வந்தால், எங்கோ கசிகிறது என்று தெரிந்து மொத்தத்தையும் அணைத்துவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பது. அந்த அளவு கசிந்தால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது விழும். 100, 300 என்று எழுதியவையும் கடையில் இருக்கும். அவை வீட்டில் ஆளைக் காக்க உதவாது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதியும் வீடுகளுக்கு 30ஐத்தான் சொல்கிறது.

எர்த் இல்லாத வீட்டிலும் ஆர்.சி.சி.பி. விழும். ஆனால் யாராவது தொட்டு, ஷாக் வாங்கிய பிறகு விழும். எர்த்தும் இருந்தால் பழுது வந்த அந்த நொடியே, யாரும் தொடுவதற்கு முன்பே விழும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

அதில் 'டி' என்று எழுதிய பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். உடனே விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அது வெறும் பெட்டி, மாற்றிவிடுங்கள். பிறை பார்த்த மறுநாள் அமுக்குவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. அது விழுவது உங்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை. எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. அதைப் பழுது பாருங்கள்.

வெளிநாட்டுச் சாமான்

துபாயிலிருந்தும் கத்தாரிலிருந்தும் மாமாவோ மச்சானோ கொண்டு வருகிற மிக்சி, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. அதன் பிளக் மூன்று சதுரப் பின். நம் சாக்கெட்டில் நுழையாது என்று சந்தையில் விற்கும் மாற்றுப் பிளக்கை மாட்டுகிறோம். மலிவான மாற்றுப் பிளக்குகள் பலவற்றில் பேஸும் நியூட்ரலும் மட்டுமே தொடரும், எர்த் அங்கேயே நின்றுவிடும். அந்த பிளக்கை எடுத்துவிட்டு நம் ஊர் மூன்று பின் பிளக்கையே போட்டுக்கொள்ளுங்கள். பழுப்பு வயர் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அமெரிக்காவிலிருந்து வந்த சாமான் என்றால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம் வீட்டில் சொருகவே கூடாது.

சென்னைப் பக்கம் புதிய ஃபிளாட் வாங்கியவர்கள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே சமையல் கழிவை அரைத்துத் தள்ளும் இயந்திரம் வைக்கலாமா என்று எங்களிடம் கேட்டார்கள். மோட்டார் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலேயே தொங்குகிறது, உடம்பு இரும்பு, கை எப்போதும் ஈரம். இன்று சொன்ன அத்தனையும் அதற்கு இரண்டு மடங்கு பொருந்தும். எர்த் உள்ள தனி சாக்கெட், ஒழுகினாலும் தண்ணீர் படாத இடம், கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவிட்ச், ஆர்.சி.சி.பி. வழியாக வருகிற லைன். இவ்வளவும் இருந்தால் வையுங்கள். உள்ளே எதாவது சிக்கினால் பிளக்கைப் பிடுங்காமல் கையை விடாதீர்கள். நம் ஊரில் செப்டிக் டேங்க் வைத்திருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம், அரைத்த கழிவு டேங்க்கைச் சீக்கிரம் நிறைத்துவிடும். கழிவைத் தோட்டத்துக் குழியில் போட்டால் உரமாகும்.

மழையும் வாடகை வீடும்

ஆரணி ஆற்றங்கரையில் வாழ்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தில் எவ்வளவு தண்ணீரைக் கொட்டியது என்று யாருக்கும் மறந்திருக்காது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் போலத் தெரிந்தால், ஏறும் முன்பே மெயினை அணையுங்கள். ஏறிய பிறகு தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடாதீர்கள். மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். வடிந்த பிறகும் கிரைண்டரையும் ஃப்ரிட்ஜையும் உடனே போட்டுப் பார்க்க வேண்டாம். மோட்டார் காய்ந்து, வயர்மேன் பார்த்த பிறகுதான்.

வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் வடமாநிலப் பிள்ளைகளுக்கு வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று, அதில் இண்டக்ஷன் அடுப்பு. அவர்களுக்கு நம் மொழி தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. அவர்களின் உயிர் நம்மிடம் இருக்கும் அமானிதம். வாடகை வாங்குகிற கை எர்த் போட்டுக் கொடுக்கவும் கடமைப்பட்டது.

ஷாக் அடித்துவிட்டால்

பிடித்துக்கொண்டிருப்பவரைத் தொடாதீர்கள், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். மெயினை அணையுங்கள். அது தூரம் என்றால், காய்ந்த தரையில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சு இல்லை என்றால் 108க்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றொருவர் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

இந்த வாரத்து வேலை

வீட்டுக்குப் போனதும் மூன்று விஷயம் பாருங்கள். பிளக்கில் மூன்று பின்னும் இருக்கின்றனவா? மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? சாக்கெட்டின் பின்னால் எர்த் வயர் உண்மையாக வருகிறதா? முதல் இரண்டையும் நீங்களே பார்க்கலாம். மூன்றாவதை அரசின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனை வைத்துப் பாருங்கள். நீங்களே சாக்கெட்டைத் திறக்க வேண்டாம். சுர்ரென்கிற சாமான் எதுவானாலும், பழுது பார்க்கும் வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அதுவரை மாவைக் கடையில் அரைத்துக்கொள்ளலாம்.

தாய்மார்களே, "லேசா அடிக்குது" என்று நீங்கள் சொல்லும்போது வீட்டு ஆண்கள் காதில் வாங்கவில்லை என்றால் மறுபடியும் சொல்லுங்கள். வேலை முடியும் வரை சொல்லுங்கள். சகோதரர்களே, ஆர்.சி.சி.பி.க்கு ஆகும் செலவு, பெருநாள் துணிக்கு நாம் செய்யும் செலவில் ஒரு பங்கு. இந்தப் பெருநாளில் ஒரு துணியைக் குறைத்துக்கொண்டாலும் இதை மாட்டிவிடுங்கள்.

கணவரை இழந்த தாய்மார்களின் வீடு, தனியாக இருக்கும் முதியவர்களின் வீடு என்று நம் ஜமாஅத்தில் வசதியில்லாத வீடுகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்க அறக்கட்டளை முன்வருகிறது. எந்த நிதியிலிருந்து செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்வோம். வயர்மேன் வேலை தெரிந்த சகோதரர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாளை எங்களுக்குத் தாருங்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே தர்மம் என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. பிறர் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் ஆபத்தை அகற்றுவதும் அதில் சேரும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். எர்த்தைச் சரி செய்வோம், ஆர்.சி.சி.பி.யை மாட்டுவோம், பிறகு துஆச் செய்வோம். யா அல்லாஹ், எங்கள் வீடுகளையும், எங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களையும், எங்கள் பிள்ளைகளையும் எல்லா விபத்துகளிலிருந்தும் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.